பட்டையக்காவின் இடது கை

“இவங்களுக்கு வழக்கமா பிரஷர் எவ்வளவு இருக்கும்?” என்று அவசரப் பிரிவு டாக்டர் என்னிடம் கேட்டார். நான் முழித்தேன். அவளோடு பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் பிரஷர் பார்க்கும் பட்டையை முதலில் அவள் இடது கையில்தான் சுற்றுவோம். எப்படிக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஐயாயிரம் தடவை வரும். “தெரியாது டாக்டர்” என்றேன்.

“நீங்க யாரு, தங்கச்சியா?”

“இல்லைங்க. கூட வேலை செய்றவ.”

“என்ன வேலை?”

பெண்களைத் தேடிப் போய், உங்கள் பிரஷர் எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “சுகாதார ஆபீஸ்ல” என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் அதைக் காதில் வாங்காமலே திரைக்குள் போய்விட்டார்.

அவளை எல்லாரும் பட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் சுற்றும் அந்தத் துணிப் பட்டையால் வந்த பெயர். “பேரைக் கேட்டா நீ சாராயம் விக்கிறவன்னுல்ல நினைப்பாங்க” என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். “வித்திருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்” என்று இவள் வாயை அடைத்துவிடுவாள். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். என்னை அவள் கூப்பிட்டது ‘நோட்டு’ என்று. பதிவு நோட்டைச் சுமப்பவள் நான். பேசுவது அவள், எழுதுவது நான்.

அவள் பேச்சைக் கேட்க வேண்டும். சலவைக்கூடத்துப் பின்னறையில், பள்ளிக்கூடம் பெருக்குகிறவர்கள் துடைப்பம் வைக்கும் அறையில், தையல் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் என்று எங்கே விட்டாலும் ஐந்து நிமிஷத்தில் கூட்டத்தைக் கட்டிப்போட்டுவிடுவாள். ஆபீஸில் கொடுத்த படப் புத்தகத்தில், மாரடைப்பு என்ற பக்கத்தில், கோட்டுப் போட்ட ஓர் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முதல் வாரமே அவள் அவன்மேல் கடுப்பானாள். ஒரு சோப்பு விளம்பரத்திலிருந்து ஒரு பெண்ணைக் கத்தரித்து அந்த ஆள்மேல் ஒட்டிவிட்டாள். அந்தப் பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இவளுக்குத்தான் மாரடைப்பு” என்று காட்டுவாள் பட்டையக்கா. “சிரிக்கிறாளேன்னு பாக்காதீங்க. நாமளும் இப்படித்தான் இருப்போம். நெஞ்சு வலிச்சாத்தான் மாரடைப்புன்னு இல்ல. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், குமட்டும், குப்புன்னு வேர்க்கும், நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். நாம என்ன சொல்லுவோம்? அசதி, பித்தம், பல்வலி. போய்ச் சேர்ந்த பிறகுதான் டாக்டர் வேற பேரு சொல்லுவாரு.”

எங்கள் மேற்பார்வையாளர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அரசாங்கப் புத்தகத்தில் கண்டதை ஒட்டக் கூடாது என்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘எத்தனை சார்’. நல்லா இருக்கீங்களா என்றுகூட அவர் யாரையும் கேட்டதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் பார்த்தாச்சு, அவ்வளவுதான். எத்தனை என்று சொன்னதும் சோப்புக்காரியை மறந்துவிட்டார்.

இப்போது அந்த இடது கைக்கு வருகிறேன். பெண்களுக்குப் பட்டையைக் கண்டால் பயம். கையை நெரிக்குமாம், நரம்பு சுருண்டுவிடுமாம். அதனால் அவள் முதலில் தன் கையில் சுற்றிக்கொள்வாள். நான் மெஷினின் பொத்தானை அழுத்துவேன். ‘உர்ர்’ என்று காற்று ஏறும், பட்டை இறுகும். “பாத்தீங்களா, வலிக்கல” என்பாள். உடனே நான் அதே பொத்தானை இன்னொரு தடவை அழுத்தி நிறுத்திவிடுவேன். எண் வரும்வரை விடமாட்டோம். மெஷினுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு செட் பாட்டரிதான் தருவார்கள். வீணாக எதற்கு ஓட்டுவது என்று ஆரம்ப நாளில் அவளே வைத்த வழக்கம் அது. பதினோரு வருஷமும் பாட்டரியை மிச்சம் பிடித்தோம். மிச்சம் பிடித்த விரல் என்னுடையது.

அவள் எண்ணை எழுத நோட்டில் இடமும் கிடையாது. முன்பு ஒரு மகராசி, கூட்டமே போடாமல், தன் கையிலேயே முப்பது தடவை பார்த்து முப்பது பேர் பெயரில் எழுதி மாட்டிக்கொண்டாள். அதிலிருந்து, பணியாளர் தன்னைப் பதிவு செய்தால் அந்தப் பக்கமே செல்லாது என்று விதி. சரி, அவள் குடியிருக்கும் தெருவிலாவது பார்க்கலாமே என்றால், அந்தத் தெரு வேறு இரண்டு பேருக்கு ஒதுக்கியது. அவர்கள் காலை பத்து மணிக்கு வருவார்கள். பத்து மணிக்கு இவள் ஊராரின் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று அவர்கள் எழுதிவிட்டுப் போவார்கள். நெஞ்சு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வருவதும் வேலை நாளில், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். அந்த நேரத்தில்தான் நாங்கள் தெருத்தெருவாக, தள்ளிப்போடாமல் காலையிலேயே டாக்டரைப் பாருங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவோம். இதில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லார்மேலும் படுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவே திரண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார், மைத்துனர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, இரண்டு நாள் கட்டில். கடைசியில் வாயு. அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் வீட்டில் ராஜா மாதிரி படுத்திருந்தார். கூட்டத்தில் பட்டையக்கா இதையும் விடவில்லை. “எங்க வீட்டுக்காரருக்கு ஏப்பம் வந்ததுக்கு ஊரே வண்டி கட்டுச்சு. நமக்கு மூச்சு நின்னாத்தான் எவனாவது எட்டிப் பாப்பான்” என்பாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன வருஷக் கடைசியில் அவளுக்குப் பல்வலி வந்தது. தாடையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மாடிப்படியில் பாதியில் நின்று, பையில் எதையோ தேடுவதுபோல் மூச்சு வாங்குவாள். எனக்கு உறைத்தது. உறைக்காமல் என்ன, பதினோரு வருஷம் எழுதிய கை.

ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் மெஷினை மடியில் எடுத்து வைத்தேன். “கையை நீட்டு அக்கா. இங்க யாருமில்ல. நிறுத்தாம முழுசா பாத்துடலாம்.”

“சும்மா இரு நோட்டு.”

“என்ன பயம் உனக்கு?”

“ஒசந்திருந்தா?”

“ஒசந்திருந்தா மாத்திரை. ஊருக்கெல்லாம் நீதானே சொல்ற.”

“அதுக்குத்தான் சொல்றேன். இவளுக்கே ஒசந்திருக்காம், இவ நமக்குச் சொல்ல வந்துட்டான்னு பேசுவாங்க. தையல் கம்பெனியில இருக்கே, அந்தத் தையலம்மா ஒருத்தி போதும். டாக்டர் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையை ரெண்டு வருஷமா தையல் மெஷின் டிராயர்ல போட்டு வச்சிருக்கு. நான் ஒரு மாத்திரை தின்னேன்னு தெரிஞ்சா, தின்னாம இருக்கிறதுக்கு அதுக்கு என்னையே சாக்கா வச்சுக்கும்.”

“உன் உசுரைவிட அந்தத் தையலம்மா பெருசா?”

“மாசக் கடைசி முடியட்டும்” என்றாள். “அறிக்கை கொடுத்துட்டு ஒரு நாள் லீவு போட்டுப் போறேன்.”

மாசக் கடைசி முடிந்தது. அடுத்த நாளே புது மாசம் வந்துவிட்டது. அதற்கு அடுத்ததும் வந்தது. நானும் இரண்டு தடவை நச்சரித்துவிட்டு அலுத்துப்போனேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் போகவில்லை.

பெண்கள் இதய வாரம் என்று ஒன்று அறிவித்தார்கள். ஐந்து நாளில் முந்நூறு பேருக்குப் பார்க்க வேண்டும். நான்காம் நாள் தையல் கம்பெனி, மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

“முதுகு பிளக்குது நோட்டு. குமட்டுது.”

“காலையில சாப்பிட்டியா?”

“டீதான் குடிச்சேன்.”

“அதான். வெறும் வயிறு. பித்தம்.”

இதைச் சொன்னது நான். என் தோளில் தொங்கிய பையில் படப் புத்தகம் இருந்தது. அதில் அந்தச் சோப்புக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கீழே இறங்கிப் போய் எலுமிச்சை ஜூஸ் வாங்கினேன். கடைக்காரன் ஆற அமரப் பிழிந்தான். நான் வந்தபோது அவளும், “ஆமா, பித்தமாத்தான் இருக்கும்” என்று இரண்டு மடக்குக் குடித்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மேலே நாற்பது பேர் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்றாள்.

போய் உட்கார்ந்தாள். பட்டையைச் சுற்றிக்கொண்டாள். நான் பொத்தானை அழுத்தினேன். மெஷின் காற்றை ஏற்றியது. கொஞ்சம் தயங்கிவிட்டு, போதாதென்று இன்னும் ஏற்றியது. அழுத்தம் ரொம்ப ஒசந்திருந்தால்தான் அது அப்படிச் செய்யும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் விரல் பொத்தான்மேல் நின்றுவிட்டது. இன்றைக்கு நிறுத்தக் கூடாது என்று நினைத்தேன். அதற்குள் அவள் வலது கையை நீட்டித் தானே அழுத்தி நிறுத்தினாள்.

“பாத்தீங்களா, வலிக்கல” என்றாள் பெண்களைப் பார்த்து.

புத்தகத்தைப் புரட்டிக் கோட்டுக்காரன்மேல் ஒட்டிய சோப்புக்காரிவரை வந்தாள். “நெஞ்சு வலிச்சாத்தான்” என்று தொடங்கினாள். அதை முடிக்காமல் மேஜைமேல் தலையைச் சாய்த்துவிட்டாள். வண்டி வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. தையலம்மாதான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறினாள். நடுவில் என் போன் அடித்தது. எத்தனை சார். “எத்தனை முடிஞ்சுது?” என்றார். நான் போனை அணைத்துப் பையில் போட்டேன்.

டாக்டர் திரைக்குள் போன கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்” என்றார். கூட்டத்தில் அவள் சொல்லும் வாக்கியம்தான். அவள் வீட்டுக்காரர் வேன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். “பல்வலின்னுதானே சொன்னா” என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்மேல் எரிந்து விழ வேண்டும்போல் இருந்தது. பித்தம் என்று சொன்னவள் எந்த முகத்தோடு எரிந்து விழுவது?

ஆபீஸில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். எத்தனை சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் பொய் இல்லை. அடுத்த மாதம் புதுச் சுவரொட்டி வந்தது. பட்டையக்கா இடது கையில் பட்டையோடு சிரிக்கிறாள். கீழே ‘வலிக்காது. ஒரு நிமிடம் போதும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாயிரம் பிரதி. அவளுடைய இடத்துக்கு யாரையும் போடவில்லை. பேசுவதும் நானே, எழுதுவதும் நானே.

தையல் கம்பெனிக்கு நான் திரும்பப் போக மூன்று மாதம் ஆயிற்று. அதே மேஜை. சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் பட்டையை என் இடது கையில் சுற்றிக்கொண்டேன். இந்தத் தடவை நிறுத்துவதில்லை என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தேன். மெஷின் காற்றை ஏற்றியது, இறக்கியது, எண்ணைக் காட்டியது. நூற்று அறுபத்திரண்டுக்கு நூறு. நான் அதை உரக்கப் படித்தேன். “இது என்னோடது. ஒசந்திருக்கு. உங்களுக்கு எவ்வளவுன்னு தெரியுமா?” என்றேன். பட்டையக்கா பயந்ததுபோல் யாரும் என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை.

தையலம்மா எழுந்து போய் டிராயரைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

“இது காலாவதி ஆயிருக்கும். வேற எழுதி வாங்கணும்” என்றாள். “உங்களுக்கும்தான் ஒசந்திருக்கே. டாக்டரைப் பாக்க நீங்க என்னைக்குப் போறீங்க? நானும் கூட வந்துடறேன். தனியாப் போக எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

டாக்டர் வருவது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. நாளைக்குக் காலை சலவைக்கூடம், மறுநாள் பள்ளிக்கூடம், அதற்கு மறுநாள் அறிக்கை. எனக்குப் பதில் போக ஆள் இல்லை. நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வாயில் வந்துவிட்டது.

“மாசக் கடைசி முடியட்டும்” என்றேன்.

“சரி, அப்ப நானும் அது முடிஞ்சே வரேன்” என்று சொல்லிவிட்டுத் தையலம்மா அட்டையை மறுபடியும் டிராயருக்குள் போட்டு மூடினாள்.