ஏழு வருடமாக நடந்த மறுவீட்டு விருந்து

என் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் முடிந்த கையோடு மறுவீட்டு விருந்து என்று சம்மந்தி வீட்டில் கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டோம். பதில் மரியாதையாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை ராஜபாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்தோம். வந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பதில் மரியாதையாக அதற்கடுத்த ஞாயிறு அவர்கள் கூப்பிட்டார்கள். அப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது.

யாராவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் எப்படி நிறுத்துவது? அங்கே சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால், தின்றுவிட்டுத் திரும்பக் கூப்பிடாதவன் என்று பேர் வரும். இங்கே போட்டுவிட்டு நிறுத்தினால், போட்டது போதும் என்று கணக்கை முடித்துவிட்டான் என்பார்கள். கொரோனா வந்து ஊரையே அடைத்தபோது மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். சம்மந்தி போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பிடித்தாரோ தெரியாது, ரோந்து ஜீப்பில் எங்களுக்கு டிபன் கேரியர் வந்து இறங்கியது. தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது, என்னைக் கைது செய்ய வந்திருக்கிறார்கள் என்று.

எனக்கு வயது அறுபத்து மூன்று. பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் மேஸ்திரியாக இருந்தவன். கல்யாணத்தின்போது எனக்கு இருந்தது வேட்டியைத் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு ஒரு மரியாதையான தொப்பை. ஏழு வருடத்தில் அது தனியாக ஒரு ஆள் ஆகிவிட்டது. போன வருடம் தொப்புளுக்கு மேலே சின்னதாக ஒரு புடைப்பு தெரிந்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். டாக்டர் பார்த்துவிட்டுக் குடல் இறக்கம் என்றார்.

"தொப்பையக் குறைச்சிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிரலாம். இப்ப தையல் போட்டா நிக்காது. அதுவரைக்கும் ஜாக்கிரதை. குடல் வெளிய வந்து சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து."

அன்றிலிருந்து என் வயிறு என் மனைவியின் கைக்குப் போய்விட்டது. காலையில் கம்பங்கூழ், மதியம் ஒரே ஒரு கரண்டி சோற்றோடு தட்டு நிறையக் கீரையும் சுரைக்காயும், ராத்திரி கொள்ளு ரசம். விடிந்தால் அய்யனார் கோயில் ரோட்டில் நடை. அங்கே நடக்கிறவர்களில் பாதிப் பேர் திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து உளுந்த வடை சாப்பிட்டுக்கொண்டே கொழுப்பைப் பற்றிப் பேசுவார்கள். நான் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

எனக்கு எடை மிஷின் தேவைப்படவில்லை. அரைஞாண் கயிறு போதும். சனிக்கிழமை சாயங்காலம் கயிற்றுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கயிறு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

"சொல்லிருவோமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவீங்க? ஒங்க வீட்டுச் சாப்பாட்டத் தின்னு எனக்குக் குடல் எறங்கிருச்சுன்னா?" என்றாள் அவள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. முதல் வருடம் சம்மந்தி வீட்டில் பிளவக்கல் அணை மீன் வறுத்திருந்தார்கள். இரண்டாவது துண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மீனில் என்ன குறை, உப்பா, புளியா, உன் அப்பா ஏன் முகத்தைச் சுளித்தார் என்று சம்மந்தியம்மா என் மகளை ஒரு மாதம் குடைந்திருக்கிறார். மகள் அழாக்குறையாகப் போன் செய்தாள். "அப்பா, போடுறதச் சாப்பிட்டுருங்கப்பா." அதோடு ஒரு முடிவுக்கு வந்தேன். என் மகள் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் என் இலை காலியாக வேண்டும். உயிர் போனாலும் சரி என்று அப்போது சும்மாதான் நினைத்தேன். இப்போது நிஜமாகவே அந்த நிலைமைக்கு வந்திருந்தது.

பொய்தான் ஒரே வழி. முதலில் பல் பிடுங்கியிருக்கிறது, மெல்ல முடியாது என்றேன். அந்த ஞாயிறு ஆட்டுக்கால் பாயா, இடியாப்பம், நெய்யில் குழைத்த பருப்புச் சோறு, கிண்ணம் நிறையப் பால்கோவா. "மெல்லவே வேண்டாம் சம்மந்தி. முழுங்குனா போதும்" என்றார் அவர். புரட்டாசி வந்ததும் கறி தொடமாட்டேன் என்று விரதம் அறிவித்தேன். அவியல், உருளைக்கிழங்கு, வடை, அப்பளம், இரண்டு வகைப் பாயசம். புரட்டாசி முடிந்த ஞாயிறு, விட்டுப்போன கறியை எல்லாம் சேர்த்துப் போட்டார்கள். அவர் பரிமாறுகிற விதமே தனி. கரண்டியோடு பின்னால் நிற்பார். நான் கையால் தடுத்தால் குரல் மாறிவிடும்.

"கைய எடுங்க சம்மந்தி. இலைய மறைக்கக் கூடாது."

எங்கள் வீட்டு ஞாயிறும் எனக்கு உதவவில்லை. விருந்தாளி கறி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்காரன் சுரைக்காய் தின்ன முடியுமா?

கடைசியில் ஒரு ஆளைக் கொன்றேன். சனிக்கிழமை சம்மந்திக்குப் போன் செய்து, தேவதானத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், நாளைக்கு விருந்துக்கு வருவதற்கில்லை என்றேன். தேவதானத்தில் எனக்குச் சொந்தமே கிடையாது.

"அடடா. எப்ப எடுக்காங்க?"

"நாளைக்குக் காலையில" என்றேன். போனை வைத்துவிட்டுக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு காலை கம்பங்கூழைக் கையில் எடுத்தபோது வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் சம்மந்தி இறங்கினார். பின் சீட்டில் சம்மந்தியம்மா. டிக்கியில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை.

"சம்மந்தி வீட்டுத் துட்டிக்கு நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்? கெளம்புங்க, எல்லாரும் போயிட்டு வந்துருவோம்."

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி, "யாரு செத்தது?" என்றாள். அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

சம்மந்தி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"இப்பத்தான் சேதி வந்துச்சு. பெரியவருக்கு மூச்சு திரும்பிருச்சாம்."

"மூச்சு திரும்பிருச்சா?"

"ஆமா. எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டாராம்."

காப்பியைச் சேர்த்திருக்கக் கூடாது. சம்மந்தி டிக்கியில் இருந்த மாலையைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருசத்துல எம்புட்டோ பொணத்தப் பாத்திருக்கேன் சம்மந்தி. ஒண்ணுகூடக் காப்பி கேட்டதில்ல" என்றார். பிறகு முகம் தெளிந்து, "எப்படியோ நல்ல சேதி. துட்டி முடிஞ்சு பசியோட வருவீங்கன்னு வீட்ல எல்லாம் தயாரா இருக்கு. ஏறுங்க" என்றார்.

"அப்ப இந்த மாலைய என்ன செய்ய?" என்று சம்மந்தியம்மா கேட்டார். சாமிக்கும் போட முடியாது, காப்பி குடித்துக்கொண்டிருப்பவருக்கும் போட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை கார் முழுக்க எழவு வீட்டு வாசம்.

இலையில் கோலா உருண்டை, மட்டன் சுக்கா, நாட்டுக்கோழிக் குழம்பு. பின்னால் சம்மந்தி கரண்டியோடு. வழக்கம்போல முதல் வாய்க்கே, "சம்மந்தியம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்லி வைத்தேன். அந்தம்மா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அப்பாவி. மூன்றாவது தடவை சோறு விழுந்தபோது உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"அந்தத் தாத்தா இப்ப சாப்பிடுதாரா மாமா?"

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. வாய்க்குள் இருந்தது முழுக் கோலா உருண்டை. சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. தொப்புளுக்கு மேலே கத்தியால் குத்தியது போல ஒரு வலி. தொட்டுப் பார்த்தேன். புடைப்பு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக வெளியே நின்றது. படுத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அப்போது நிஜமாகவே பயந்துபோனேன். அந்த மாலை இன்னும் டிக்கியில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டேன் என்பது. "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். சம்மந்தி குறுக்கே வந்து விறைப்பாக நின்றார். கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரல்.

"அவர் சொல்லுறது தப்பு சார். நாட்டுக்கோழி மூணு துண்டு, சுக்கா ரெண்டு கரண்டி, கோலா உருண்டை நாலு முடிஞ்சு அஞ்சாவது வாயில. சோறு மூணு தடவ. எல்லாம் நானே போட்டது."

"இந்த வயித்துல எப்படிங்க மயக்க மருந்து குடுக்க முடியும்? ஒரு மனுசனுக்கு இவ்வளவையும் யாருங்க போடுவா?"

"நான்தான் சார்" என்றார் சம்மந்தி. இந்த முறை குரல் வெளியே வரவில்லை.

என்னைப் படுக்கவைத்து, வலிக்கு ஊசி போட்டு, டாக்டர் மெதுவாக அழுத்தி அழுத்தி அதை உள்ளே தள்ளினார். என் அதிர்ஷ்டம், போனது. அடுத்த தடவை இப்படிப் போகும் என்று நினைக்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு நாள் அங்கேயே இருக்கச் சொன்னார். என் மனைவி அழுதுகொண்டே பழைய டாக்டர் சொன்னது, கம்பங்கூழ், பிடுங்காத பல், தேவதானத்துப் பெரியவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சம்மந்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ குடிக்கப் போகிறேன் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகள் மட்டும் பக்கத்தில் இருந்தாள். அவளாவது புரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன்.

"எல்லாம் ஒனக்காகத்தான் பாப்பா. அந்த மீன் கத மாதிரி இன்னொரு தடவ ஆகக் கூடாதுன்னுதான் வாயத் தெறக்கல."

"எனக்காகவா?" என்றாள். தலையணையைச் சரி செய்தாள். அவள் விரலில் மஞ்சள் கறை இருந்தது. முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள், புதுசும் பழசுமாக.

"அந்த மீன் அத்த வறுத்ததுப்பா. பொறவு அவங்களுக்கு மணிக்கட்டு போயிருச்சு. நாலு வருசமா கரண்டி பிடிக்க முடியாது. எல்லாம் நாந்தான். நீங்க ஒவ்வொரு தடவையும் அத்த கைப்பக்குவம்னு சொல்லுவீங்க. அவங்க பாவம், என்னைய பாப்பாங்க."

அந்தத் தழும்புகளை மறுபடி பார்த்தேன்.

"வாரம் பூரா ஸ்கூல்ல பாடம் எடுக்கேன். இங்க விருந்துன்னா விடியுமுன்னாடி எந்திரிச்சு மசாலா அரைக்கணும். அங்க விருந்துன்னா அம்மாவுக்கு ஒத்தாசைக்கு மொத பஸ்ஸுக்கு ஓடி வரணும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாத செஞ்சுக்கிட்டே இருந்தீங்க. ஒரு ஞாயித்துக்கெழமையாவது வெயில் ஏறுற வரைக்கும் தூங்கணும்ப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இவள் நிம்மதிக்காக என்று நான் காலி செய்த ஒவ்வொரு இலைக்கும் இவள்தான் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். பெற்ற மகள் சமையலை நாலு வருடமாக அடையாளம் தெரியாமல் தின்ற வயிறு இது. வெட்கமாக இருந்தது. போர்வையை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

மறுநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது சம்மந்தி வந்தார். ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல, முகத்தில் ஒரு தீர்மானம்.

"எம் மேலயும் தப்பு இருக்கு சம்மந்தி. இனிமே ஞாயித்துக்கெழம நம்ம வீட்ல எண்ணெயே கெடையாது. வரகரிசிச் சோறு, கொள்ளு ரசம், பன்னெண்டு வகக் காய். இல போட்டு நானே பக்கத்துல நின்னு அளந்து போடுவேன்."

அவருக்குப் பின்னால் மருந்துப் பையோடு நின்ற என் மகள் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தாள்.

"வரல சம்மந்தி" என்றேன்.

"இந்த ஞாயித்துக்கெழமையா?"

"எந்த ஞாயித்துக்கெழமையும். நீங்களும் அங்க வர வேண்டாம்."

என் மனைவி என் முதுகில் கிள்ளினாள். சம்மந்தி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தார். எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க என் மனைவி, சேர்த்து வைத்த உறவை ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டீர்கள், அந்த வீட்டில் பிள்ளை என்ன பாடுபடுகிறதோ என்று புலம்பிக்கொண்டே சுரைக்காய் நறுக்கினாள். எனக்கும் அதே பயம்தான். ஞாயிறு விடிந்ததும் போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். வெயில் சுவரில் நன்றாக ஏறிய பிறகு மகளின் நம்பரைப் போட்டேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். ரகசியம் பேசுகிற குரலில் பேசினார்.

"அவ இன்னும் தூங்குதா மாமா. எழுப்பவா?"

"வேண்டாம் மாப்பிள்ள" என்றேன். "எழுப்பாதீங்க."