இறக்கத்துக்கு இறக்கம் நியூட்ரல்

என் கணவரும் நானும் முப்பத்திரண்டு வருஷம் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி நியூட்ரல் சண்டை. மாமியார், நாத்தனார், நகை என்று மற்ற வீடுகளில் நடக்கிற எதுவும் எங்கள் வீட்டில் பெரிதாக நடக்கவில்லை. வண்டி ஓர் இறக்கத்தைப் பார்த்துவிட்டால் போதும், அவர் கை தானாகக் கியர் கம்பிக்குப் போகும். சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பில்லாமல் நியூட்ரலில் போட்டுவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்று, வீட்டுக் கொல்லையில் பெட்ரோல் கிணறு வெட்டியவர் மாதிரி என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வையே பிடிக்காது.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். "இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான இருக்கு? அது என்ன காத்தையா குடிக்குது?" என்று கேட்பேன். "புஸ்தகத்தை மூடி வச்சிட்டு ரோட்டைப் பாரு" என்பார். மில்லில் அத்தனை மோட்டாரையும் கழற்றி மாட்டியவரிடம் கரும்பலகைக்காரி வாயைத் திறக்கக் கூடாதாம். ஊரில் அவரைப் போல நினைக்காத டிரைவரும் குறைவு. மேம்பாலம் ஏறி இறங்குகிற ஆட்டோக்காரர்கூட இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிடுவார். அவருக்குச் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. நான் தனிக்கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலி தாங்காமல் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினார். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலை கிடையாது, கியரை வண்டியே பார்த்து மாற்றிக்கொள்ளும். இனிமேலாவது சண்டை ஓயும் என்று நம்பினேன். வாங்கிய வாரமே பிளவக்கல் அணைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இறக்கத்தில் கம்பியை, வண்டி ஓடும் இடமான டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளினார். தள்ளிவிட்டு அதே பார்வை.

பிறகு சர்க்கரை அவர் கண்ணைத் தொட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்தொன்பது வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாத்தியார் அவர்தான். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வத்திராயிருப்பு ரோட்டில் என்னை அவர் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. என் மாணவிகளில் மக்குகளைக்கூட நான் அப்படிப் பேசியதில்லை. எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாத மனுஷனுக்கு இறக்கம் மட்டும் முதுகு வழியாகத் தெரிந்துவிடும். "இறக்கம் வந்துருச்சு. நியூட்ரல்" என்பார். முணுமுணுத்துக்கொண்டே போடுவேன்.

அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரே மகள், புனேயில் வேலை. நான் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு அலைவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை அடுப்பை அணைக்காமல் சர்ச் ஆராதனைக்குப் போய்விட்டேன். இன்னொரு தடவை ஒரே விஷயத்தைப் போனில் இரண்டு முறை சொன்னேனாம். அன்றிலிருந்து என் பேச்சில் அவள் அடுத்த தவற்றை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கறாராகச் சொல்லிவிட்டாள். "வண்டி எந்த கியர்ல நிக்குன்னு உனக்கு எப்பக் கொழப்பம் வருதோ, அன்னைக்கு வண்டியை வித்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும். சரியா?" சரி என்றேன். குழப்பம் எனக்கு எங்கே வரப்போகிறது என்ற திமிர்தான்.

தனியாக இருப்பது பிடித்துப்போய் நான் இங்கே இருக்கவில்லை. ஆனால் புனேயில் மகளும் மருமகனும் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார்கள். அந்தத் தனிமை பதினோராவது மாடியில். இதுவாவது தரையில் இருக்கிறது, வெளியே போனால் "என்ன டீச்சர், சாப்டாச்சா?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆட்களைப் பார்த்துவிடுவேன். சனிக்கிழமைதான் நீளம். அதனால் சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் வழியாகப் பிளவக்கல் வரை போவேன். அணைக்கரையில் செத்த நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீடு வந்து சேர்ந்த சனிக்கிழமைகள் உண்டு.

திரும்பும்போது இறக்கத்தில் நியூட்ரல் போடுவேன். ஆமாம், நான்தான். பக்கத்தில் அவர் இருந்த நாளெல்லாம் கத்திய நான், அவர் போன பிறகு சொல்லாமலே போட ஆரம்பித்தேன். அவருக்கு விட்டுக்கொடுக்க வேறு எதுவும் மிச்சம் இல்லை. அது சரியா தப்பா என்று யோசிக்கக்கூட இல்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். இறக்கம் முடிந்து ரோடு சமமான இடத்தில் தென்னந்தோப்புப் பாதையிலிருந்து தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே வந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். டிராக்டர்க்காரர் வழியை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன், இன்னும் அலறியது. நியூட்ரலில் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பதற்றத்தில் காலை எடுக்காமலே கம்பியை டிரைவுக்கு இழுத்துவிட்டேன். டங்கென்று அடியில் ஒரு சத்தம். வண்டி எம்பிப் பாய்ந்தது. எப்படியோ பிரேக்கைப் பிடித்தேன். டிராக்டர் டிரெய்லருக்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. முன்னால் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு வண்டி வேகமே எடுக்கவில்லை. சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டிப் போக, ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். நாற்பது வயசுக்காரர், என் கணவருக்கு நல்ல பழக்கம். ஏதோ கருவியைச் சொருகிப் பார்த்தார். நடந்ததை முழுசாகக் கேட்டார். நானும் மறைக்காமல் சொன்னேன்.

"டீச்சர், இறக்கத்துல எதுக்கு நியூட்ரல் போட்டீக?"

"பெட்ரோல் மிச்சமாகும்னு அவிய சொல்வாக."

அவர் சிரிக்கவில்லை, தலையைச் சொறிந்தார். "பழைய கார்புரேட்டர் வண்டின்னா ஐயா சொன்னதுல கொஞ்சம் நெசம் உண்டு. இது அப்படி இல்ல. டிரைவ்லயே போட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீகன்னா, இறக்கத்துல பெட்ரோலை வண்டியே நிறுத்திரும். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்கப் பெட்ரோல் குடிக்கும். வேகத்தைப் புடிச்சு வைக்கவும் ஒண்ணும் இருக்காது. மிச்சம் ஒண்ணுமே இல்ல டீச்சர். செலவுதான்."

நான் அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய வண்டி இருந்த வரைக்கும் என் கணவர் சொன்னதும் சரிதான் போலிருக்கிறது. ஆனால் இந்த வண்டி வந்ததிலிருந்து நான் சொன்னதுதான் சரி. ஜெயித்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போது மகள் கூப்பிட்டாள். வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும் அவள் போனுக்குத் தகவல் போகிற மாதிரி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். எடுத்த எடுப்பில், "அம்மா, அடி எதுவும் படலையே?" என்றாள். இல்லை என்றேன். மூச்சு விட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"கியர்பாக்ஸ்னு காட்டுது. என்னம்மா பண்ணுன? ஓடுற வண்டியில நியூட்ரல் போட்டியா?"

"ஆமா."

"ஏம்மா? அதை ஏன் தொட்ட?"

இந்த வண்டியிலும் அப்பா அதைத்தான் செய்தார், எனக்கும் சொல்லிக்கொடுத்தார் என்பது புனேயில் இருந்த அவளுக்குத் தெரியாது. ஒரு வரியில் முடிகிற விஷயம். 'உங்கப்பா சொல்லிக்கொடுத்தது, தெரிஞ்சேதான் போட்டேன்' என்றால் போதும். குழப்பம் இல்லை, பழக்கம் என்று புரிந்துகொள்வாள். வண்டியும் என்னிடம் இருக்கும், நானும் என் வீட்டில் இருப்பேன். ஆனால் அவளுக்கு அப்பா என்றால் உயிர். இயந்திரம் என்று வந்துவிட்டால் அப்பா சொன்னதுதான் அவளுக்கு வேதம். அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, அம்மா டிராக்டரில் மோதப் பார்த்தாள் என்று அவள் ஒரு நிமிஷமாவது அவரைப் பற்றி நினைத்துவிடுவாளே. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியலைடி. எந்த கியர்ல இருக்குன்னு கொழம்பிட்டேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. "சரிம்மா. நான் அடுத்த வாரம் வாரேன். வித்துரலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

"அவியளைத் திட்டுறதுக்கு நான் இருக்கேன். எம்மக திட்ட வேண்டாம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இடப்பக்க சீட்டைப் பார்த்து ஆரம்பித்தேன். "கேட்டீகளா? மெக்கானிக் சொல்லிட்டாரு. நான் சொன்னதுதான் சரி. உங்களால வண்டியும் போச்சு, வீடும் போச்சு. நான் புனேயில போய் யார்கிட்டப் பேசுறது?" முப்பத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, தொண்டை கட்டுகிற வரை திட்டினேன். புஸ்தகத்தை மூடு என்று ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை. அவர் செத்துப்போய்விட்டார் என்று அன்றைக்குத்தான் நான் அழுதேன்.