எல்லைப்புலியின் பழைய வேலை

இலுப்பூர் பெட்ரோல் பங்கில் இன்று என் மானம் கப்பலேறியது.

என்னுடையது ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப். பக்கவாட்டில் பீரங்கி வரைந்து, 'எல்லைப்புலி' என்று எழுதியிருக்கிறேன். போர்முனையில் சண்டை போட்ட வண்டி என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

ஆவூருக்குப் பஸ் கிடைக்காமல் நின்ற ஒரு அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். பின்பக்கம் நான் வாழைத்தார் மாட்டும் கொக்கிகளைத் தொட்டார்.

"இது ஸ்ட்ரெச்சர் மாட்டுற கொக்கி தம்பி. பீரங்கிக்குக் கீழ பெயிண்ட் உரிஞ்ச எடத்தப் பாருங்க, செவப்புச் சிலுவை தெரியுது. அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வந்த வண்டிங்க இது."

ஆவூரில் இறக்கிவிடுகிறேன் என்று முன்சீட்டைக் காட்டினேன்.

"பின்னாடியே உக்காந்துக்கிறேன். நாங்க எப்பவும் அடிபட்டவங்க பக்கத்துலதான் இருப்போம்."

வழியெல்லாம் ஒரு கையால் அந்தக் கொக்கியைப் பிடித்தபடியே வந்தார்.

நாளை பீரங்கியை அழித்துவிடுவேன். வாழைத்தாரை இனி எங்கே மாட்டுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.