முன் சீட்டில் இருந்தவள்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. இடி விழுந்து தலை போனது என்பார்கள். நம்பாதீர்கள். அந்தத் தலையைக் கொய்தது ஒரு விமானம். பக்கத்தில் நின்று பார்த்தவள் கெங்கம்மாள். இது அவள் வாயால் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

1957, மார்கழி மாதம். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணவன் ஆதிநாராயணன் பைலட். நெற்பயிருக்குப் பூச்சி மருந்து தூவும் பழைய விமானம் ஒன்றை ஓட்டினான். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, கூரையில்லாத இருக்கை. ரயிலடிப் பக்கம் வாடகை வீடு. பனி இறங்கும்போதே எழுந்து போய்விடுவான். இலை ஈரமாக இருந்தால்தான் மருந்துப் பொடி ஒட்டும். வயல் பக்கம் மட்டும் அவள் வரவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தான்.

"என்னையும் ஒரு தபா ஏத்திக்கினு போங்களேன்" என்று கேட்டாள்.

"எங்க ஏத்தறது? முன் சீட்டைப் பிடுங்கிட்டு மருந்துப் பெட்டி வெச்சிருக்காங்க. ஒரு ஆளுக்குத்தான் எடம்."

அவளும் விட்டுவிட்டாள். ஆனால் அவன் சட்டையில், மருந்து நெடிக்கு அடியில், இன்னொரு வாசனை வர ஆரம்பித்தது. ரோஜா சென்ட்டு. வீட்டில் சென்ட்டே கிடையாது. ஒரு நாள் காலரில் நீளமாக ஒரு முடி. செம்பட்டை நிறம். கெங்கம்மாளின் கூந்தல் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்த முடியை விரலில் சுற்றினாள். விரல் கறுத்துப்போகும்வரை இறுக்கிச் சுற்றினாள்.

மறுநாள் விடியலில் அவன் பின்னாலேயே கிளம்பினாள்.

வயல் முழுக்கப் பனி. வரப்பில் மூங்கில் கழியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு பூவம்மாள் நின்றிருந்தாள். அந்த வேலைக்குக் கொடிக்காரி என்று பெயர். கொடி எங்கே நிற்கிறதோ, அதற்கு நேராகத்தான் விமானம் தாழ்ந்து வரும். ஒரு ஓட்டம் முடிந்ததும் கொடிக்காரி நகர்ந்து வயலின் அடுத்த பட்டைக்கு நேராக நிற்க வேண்டும். மரத்துக்கு நேராக மட்டும் நிற்கவே கூடாது.

"யாரும்மா நீ? தள்ளி நில்லு, மூஞ்சில மருந்து கொட்டும்."

"பைலட்டைப் பாக்கணும்."

பூவம்மாள் சிரித்தாள். "நீயுமா? இந்த ஊர்ப் பொண்ணுங்களோட இதே பேஜாரு. போய்க் கேளு, போய்க் கேளு. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆவலியாம்!"

"யாரு சொன்னது?"

"அவரே சொன்னாரு. இன்னாத்துக்கு மொறைக்கிற?"

கெங்கம்மாளின் கை தாலியைப் பற்றியது.

டட்... டட்... டட்... டட்...

பனிக்குள்ளிருந்து விமானம் வந்தது. பின்னால் வெள்ளைப் புகையாக மருந்து. தலைக்கு மேலே உறுமிக்கொண்டு கடந்தது.

உள்ளே இரண்டு தலைகள்.

"முன்னால யாரு?"

"முன்னால பெட்டிம்மா."

"பொம்பள உக்காந்துக்கினு இருக்கா!"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே..."

திரும்பி வந்தது. இப்போது நன்றாகப் பார்த்தாள். செம்பட்டைக் கூந்தல் காற்றில் பின்னால் பறந்தது. அவன் கன்னத்தில் பட்டது. அவன் அதை ஒதுக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான். இந்த ஆறு மாதத்தில் அவளிடம் ஒரு நாளும் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

சீட் இல்லை என்றானே. கல்யாணமே ஆகவில்லை என்றானே.

அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்கரை மேட்டுக்கு ஓடினாள்.

"அய்யோ, பனைகிட்டப் போவாதே!"

காதில் விழவில்லை. கொடியை உயரத் தூக்கினாள்.

டட்... டட்... டட்...

நேராக வந்தது.

முன் சீட்டில் இருந்தவள் மெல்லத் திரும்பினாள்...

வெள்ளை முகம்.

பார்வை தாலி மேல்...

சத்தம் நின்றது. காற்று மட்டும்.

பிறகு... மடேர்!

ஆதிநாராயணனைத்தான் தூக்கினார்கள். கால் முறிந்திருந்தது. முன்னால் இருந்தது நசுங்கிய தகரப் பெட்டி. வேறு யாரும் இல்லை. எங்கும் வெள்ளைப் பொடி. அதற்கு மேலே ரோஜா வாசனை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் கண் திறந்தான். கெங்கம்மாளைப் பார்த்தான். யாரோ அயலாளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"முன்னால என் சம்சாரம் உக்காந்திருந்தா... அவளுக்கு அடி பட்டுதா?"

கெங்கம்மாள் வெளியே வந்தாள். வராந்தாவில் விமான மெக்கானிக் வரதன் குந்தியிருந்தான்.

"ப்ளேன்ல முன்னால இருந்தவ யாருண்ணா?"

வரதன் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தான்.

"நீ அவரு சம்சாரமா? தெரியாம போச்சேம்மா... அது சண்டைக் காலத்து ப்ளேன். பசங்களுக்கு ஓட்டக் கத்துக்குடுத்தது. அப்புறம் ஏலத்துல ஒரு பைலட் எடுத்தாரு. சம்சாரத்தை முன்னால உக்கார வெச்சிக்கினு சுத்துவாரு. அந்தம்மா வேற யாரையும் அதுல ஏற வுடாது. ஒரு நாள் விழுந்துச்சு. அவரு பொழைச்சாரு, அந்தம்மா சீட்லயே போய்ட்டாங்க. வருசம் திரும்பறதுக்குள்ள அவரு வேற கல்யாணம் கட்டிக்கினாரு."

"அப்புறம்?"

"மருந்தடிக்கிற கம்பெனி வாங்கி சீட்டை எடுத்துடுச்சு. கல்யாணம் ஆவாதவங்க ஓட்டுனா ஒரு கீறல் விழாது. ஆனவங்க மூணு பேரு விழுந்தாங்க. அதான் கல்யாணம் ஆவாத ஆளாக் கேட்டாங்க. அவரு வேலைக்காக மறைச்சுட்டாரு போல."

"அந்த மூணு பேரும் செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. மூணு பேரும் எழுந்து நடந்தாங்க. ஒருத்தர்கூட அவங்க ஊட்டுக்குத் திரும்பிப் போவல."

கெங்கம்மாள் உள்ளே ஓடினாள்.

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். முறிந்த காலோடு எப்படி நகர்ந்தானோ... கட்டிலின் ஓரத்துக்கு ஒதுங்கிப் படுத்திருந்தான். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தான்.

அந்த இடத்தில் விரிப்பு அழுந்தியிருந்தது.

கெங்கம்மாள் கையை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.