ஏழாவது தூண்

விக்டோரியா மகாராணிக்கும் கிரேக்கர்களுக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களைத் துபாய் மணலில் ஒரே கூரைக்குக் கீழே குடிவைத்த பாவம் மட்டும் என்னுடையது.

நான் வில்லா கட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். துபாயின் சத்வா பகுதியில் தையல் கடைகளுக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஒருநாள் ஒரு முதலாளி வந்தார். நம் ஊர்க்காரர்தான், இங்கே வியாபாரம் செய்து பெருத்தவர். லண்டனுக்குச் சுற்றுலா போன இடத்தில் ஒரு பழைய வீட்டைப் போனில் படம் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கம் பஸ் நின்றதாம், அதனால் பக்கவாட்டில் நின்று எடுத்த படம். முன்னால் நான்கு பெரிய தூண்கள், மேலே முக்கோண முகப்பு, கூரையில் புகைபோக்கி. அப்படியே வேண்டும் என்றார்.

"புகைபோக்கியும் வேணுமா சார்?" என்று கேட்டேன். வெளியே நாற்பத்தாறு டிகிரி.

"அது இல்லேன்னா விக்டோரியன் லுக் எப்படிப்பா வரும்?"

வந்தது. கடைசியில் அதற்குள் கிச்சன் எக்ஸாஸ்ட் பைப்பை விட்டோம். அந்த வீட்டு மீன்குழம்பு வாசனை இன்றைக்கும் விக்டோரியன் முறைப்படிதான் வானத்துக்குப் போகிறது.

தூண்களின் கதை இன்னும் அழகு. கிரேக்கர்கள் கூரையைத் தாங்கக் கல்லில் தூண் வைத்தார்கள். நாங்கள் நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, ஃபாக்டரியில் வார்த்த சிமென்ட் உறையை இரண்டு பாதியாகக் கொண்டுவந்து சுற்றி ஒட்டினோம். தட்டினால் காலி டப்பா மாதிரி டொக்கு டொக்கென்று சத்தம். அவை கூரையைத் தாங்கவில்லை. கூரைதான் அவற்றை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. முதலாளியின் பக்கத்து வில்லாக்காரர் ஆறு தூண் வைத்திருந்தார். டிராயிங் முடியும் முன்பே அதைப் பார்த்த முதலாளி போன் போட்டார். "நமக்கு ஏழு."

விரல்விட்டு எண்ணத் தெரிந்தவனுக்கும் இது புரியும். நான்கு, ஆறு, எட்டு என்று வைத்தால் நடுவில் வழி கிடைக்கும். ஏழு வைத்தால் நடுத்தூண் வாசற்கதவுக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். எஞ்சினியரிடம் சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கிளையண்ட் ஏழு கேட்டா ஏழு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது. த்ரீ-டி படத்தை சைடுலேர்ந்து போட்டுடு."

போட்டேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தூண்கள் வரிசையாக, கம்பீரமாக இருந்தன. கதவு எங்கே என்று அதில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதலாளி பரம திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

சைட்டில் ஒரே ஒருவர்தான் கேட்டார். எங்கள் கொத்தனார், முதுகுளத்தூர்ப் பக்கம். அவருக்கு அந்தச் சைட் சீக்கிரம் முடியவேண்டும். தங்கச்சி மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், தங்கச்சிக்கு இவர் ஒரே அண்ணன். வில்லாவை ஒப்படைத்த மறுநாள் லீவ் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். பிள்ளை பிறந்ததிலிருந்து இவர் ஊருக்குப் போகவில்லை. அதற்கு வாங்கிய பட்டுப்பாவாடையை எங்கள் எல்லோரிடமும் எத்தனை முறை காட்டியிருப்பார் என்று கணக்கில்லை.

டிராயிங்கை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, வாசலுக்கு நேரா தூணு நிக்கிதேப்பா. கோட்டத் தப்பா கிப்பா போட்டுட்டியா?"

எனக்குச் சுரீர் என்றது. எஞ்சினியரிடம் வாயைத் திறக்க முடியாத கோபத்தை எல்லாம் இவரிடம் காட்டினேன்.

"இது கிரேக்க பாணிண்ணே. அங்க இப்படித்தான் வைப்பாங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கட்டுங்க."

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் டிராயிங்கை மடித்துக்கொண்டு போய், மட்டப்பலகை வைத்து, ஓர் இம்மி பிசகாமல், நடுவில் வரும் தூணைக் கடைசியாக, ஏழாவதாக, கதவுக்கு முன்னால் நிறுத்தினார். அவ்வளவு நேர்த்தியான தவறை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஒப்படைக்க எட்டு நாள் இருக்கும்போது முதலாளியுடன் அவர் மனைவி வந்தார். காரை விட்டு இறங்கி, படியேறி, தூணுக்கு முன்னால் நின்றார். இடப்பக்கம் எட்டிப் பார்த்தார், வலப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

முதலாளி அப்போதுதான் தன் வீட்டை நேராகப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. எஞ்சினியர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "டிராயிங் மிஸ்டேக் சார்" என்று என்னைக் கைகாட்டினார். ஒன்றை எடுத்துவிட்டு ஆறாக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சமமாக வாழ்வதற்கா இவ்வளவு பாடு பட்டேன் என்று முதலாளி குதித்தார். எட்டு என்று முடிவாயிற்று. அதாவது ஏழையும் பிரித்து, இடைவெளி மாற்றி, முக்கோண முகப்பையும் இறக்கி மறுபடி ஏற்றவேண்டும். ஆறு வாரம்.

எனக்கு வேலை போகவில்லை. புது டிராயிங் உடனே வேண்டுமே, போட ஆள் நான்தான். கொத்தனார் எஞ்சினியர் முன்னால் போய் நின்றார். நானும் கூடப் போனேன், இந்தத் தடவை வாயைத் திறந்தேன். தவறு என்னுடையது, அவரை மட்டும் விடுங்கள் என்றேன்.

"தூண் வேலைக்கு வேற மேஸ்திரி யாரு இருக்கா? லீவ் மாஃபி, கிடையாது."

ஊரில் பத்திரிகை அடித்து, கோயிலில் கிடா வெட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. தேதியை மாற்றத் தங்கச்சியின் புகுந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. மாமன் முறைக்கு இவருடைய பெரியப்பா மகனை உட்காரவைத்தார்கள். இவரோடு வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஆள்.

விசேஷத்துக்கு மறுநாள் காலை டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, கிரேக்கத்துல வாசலுக்கு நேரா தூண் வைக்க மாட்டாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்பா. மாட்டுக் கொட்டாயிக்கே அப்படி எவனும் வைக்க மாட்டான். படிச்ச புள்ள, அத்தன பேரு முன்னாடி சொல்லுதேன்னு விட்டேன்."

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பெரியப்பா மகன் மடியில் பிள்ளை, காதில் சந்தனம், கையில் லட்டு. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டினார்.

"அழவே இல்லையாம் தம்பி," என்றார்.