காற்றுகூடப் புகாத மூடி

கார் ஓட்டுகிறவனுக்கு எஞ்சின் கெட்டால் மெக்கானிக் உண்டு, டயர் வெடித்தால் ஸ்டெப்னி உண்டு. பெட்ரோல் டாங்கி மூடி தொலைந்தால் மட்டும் யோசனை சொல்ல ஊரே உண்டு, மூடி கொடுக்கத்தான் ஒருத்தனும் கிடையாது. மூடி தொலைத்த டிரைவர்மாரே, நாமெல்லாம் ஒரு கூட்டம். இன்னும் தொலைக்காதவர்கள் இப்போது தாராளமாகச் சிரியுங்கள், உங்கள் முறையும் வரும்.

நான் ஆம்பூரில் தோல் மண்டி ரஹ்மான் பாயிடம் வண்டி ஓட்டினேன். ஊரில் உள்ள கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. எங்கள் காருக்குப் பெட்ரோல் டாங்கி முன் கண்ணாடிக்கு முன்னாலேயே இருக்கும், வாய் மேலே பார்த்திருக்கும். அதனால் மூடி போனால் மறைக்க வழியே கிடையாது. எதிரே வருகிற மாட்டு வண்டிக்காரன்கூட நிறுத்தி விசாரிப்பான்.

பள்ளிகொண்டாவில் விட்டது

வேலூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, டின்னிலிருந்து பெட்ரோல் ஊற்றினேன். மூடியை எங்கே வைத்தேன்? நீங்கள் எல்லாரும் வைக்கிற அதே இடத்தில்தான், மட்கார்டு மேலே. அந்த நேரம் பார்த்துத் தோல் ஏற்றின வண்டிக்காரர்கள் வரிசையாக வந்து, வழி விடச் சொல்லிக் கத்தினார்கள். நானும் பதறிப்போய் ஏறி ஓட்டிவிட்டேன். ஆம்பூர் வந்து பார்த்தால் டாங்கி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. திரும்பப் போய் ரோட்டோரப் புதரையெல்லாம் கிளறினேன். ஒரு பழைய செருப்புதான் கிடைத்தது.

பாய் திட்டுவார் என்று பயந்துகொண்டே போய் நின்றேன். அவர் கவலை வேறாக இருந்தது. எங்கள் தோல் கிடங்கில் முனுசாமி என்று ஒரு வேலைக்காரன். அவன் மனைவி பவுனுக்கு அப்போது மாசம் நிறைந்திருந்தது. முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை வலி கண்டதும் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடு, இங்கே வைத்துப் பார்க்க என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அதற்குக் காரைத் தருவதாக பாய் சொல்லியிருந்தார். தொழிலாளி வீட்டுப் பிரசவத்துக்குத் தன் காரைத் தருகிற முதலாளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போனது போச்சு தாஸ். பவுனுக்கு வலி வர்றதுக்குள்ள எதையாவது போட்டு மூடு. நான் வாக்கு குடுத்துட்டேன்பா."

குடியாத்தம் வியாபாரி கேட்டது

புது மூடி கேட்டு மெட்ராஸ் கார் கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். கையிருப்பு இல்லை, கப்பலில் வந்தால்தான் உண்டு என்று பதில் வந்தது. அதுவரைக்கும் கிழிந்த லுங்கித் துணியைச் சுருட்டி அடைத்தேன். துணி பெட்ரோலைக் குடித்துக்கொண்டு கமகமவென்று நின்றது. முன் சீட்டில் ஏறின ஒரு தரகர் சாவகாசமாக பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். ஐயையோ, நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தேன். வண்டி பாதி வாய்க்காலுக்குள் போய் நின்றது. அத்தோடு துணி வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அப்புறம் வந்ததுதான் கத்திரிக்காய். பாய் வீட்டில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள மூட்டையில் வந்து இறங்கியிருந்தது. குண்டாக ஒன்றைப் பொறுக்கி வைத்துப் பார்த்தேன், டாங்கி வாய்க்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பிடித்துத் தூக்கக் காம்பு வேறு. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போகிற இடமெல்லாம் சிரிப்பு. குடியாத்தத்திலிருந்து லுங்கி வியாபாரி ஒருவர் பாயைப் பார்க்க வந்தவர், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "ஏம்பா டிரைவரு, இது பெட்ரோல்ல ஓடுதா, கொத்சுல ஓடுதா?"

முனுசாமி கை

கத்திரிக்காய் வெயிலில் சுருங்கி, உள்ளே விழுகிற நிலைக்கு வந்தது. அப்போதுதான் முனுசாமி, "நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்? நான் செஞ்சு தர்றேன்" என்று வந்தான். அவன் பெண்டாட்டி போகிற வண்டி, அவனுக்கு இல்லாத அக்கறையா! எருமைத் தோலில் முதுகுப் பக்கத்தை எடுத்தான். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமான தோல். அதை வட்டமாக நறுக்கி, அடுக்கி, நடுவே மரக்கட்டை வைத்து இழுத்துத் தைத்தான். வாயில் வைத்து அழுத்தினால் தோல் நாலு பக்கமும் கவ்விப் பிடித்தது. மேலே ஒரு வார், அதற்கு ஒரு பக்கிள். மெட்ராஸ் கம்பெனிக்காரன் பார்த்தால் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பான்.

ஒரு கூஜாவில் தண்ணீர் ஊற்றி, அதே மாதிரி ஒரு மூடி போட்டு, கிடங்கு முழுக்கப் பார்க்கிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு வரவில்லை. பாய் "சபாஷ்!" என்று முதுகில் தட்டினார். நானும் மண்டிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. முனுசாமி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "பெட்ரோலு இன்னாண்ணா, இதுல காத்துகூடப் பூராது. நீ தைரியமா ஓட்டு."

மாதனூர் தாண்டி

மண்டி திறக்கிற நேரத்தில் பவுனுக்கு வலி கண்டது. பின் சீட்டில் மருத்துவச்சி மடியில் அவளைச் சாய்த்தோம். முனுசாமி என் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி ஜோராகத்தான் கிளம்பியது. மாதனூர் தாண்டினதும் இருமி இருமி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கி பிளக்கைத் துடைத்தேன், குழாயை ஊதினேன், எதிலும் தப்பில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபிறகு 'உஸ்'ஸென்ற சத்தத்தோடு வந்தது. அந்த நேரத்திலும் முனுசாமிக்குப் பெருமை தாங்கவில்லை, "பாத்தியாண்ணா, இன்னா பிடி!" என்றான். உள்ளே பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினேன், வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது.

மறுபடியும் பிளக், மறுபடியும் குழாய், மறுபடியும் 'உஸ்'. கிளம்புவதும் நிற்பதுமாக அது ஆட்டம் காட்டியது. மருத்துவச்சி "சீக்கிரம்பா, சீக்கிரம்பா" என்கிறாள். முனுசாமி புளியமரத்தில் தலையை முட்டிக்கொண்டு, "இதுவும் போயிடுமாண்ணா?" என்று அழுகிறான். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கூப்பிட்டேன்.

அப்போது பின் சீட்டிலிருந்து பவுனு குரல் கொடுத்தாள். பவுனு தெருத் தெருவாக டின்னில் கிருஷ்ணாயில் விற்கிறவள். "அண்ணா, மூடியத் தொறந்தா இன்னா அது, உஸ்ஸுன்னு?" என்றாள். "காத்து உள்ள போவுதும்மா" என்றேன். வலி ஒன்று வந்து போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே, "டின்னுக்கு ஒரு ஓட்டை போட்டா எண்ணெ எறங்காதுண்ணா. காத்துக்குன்னு இன்னொண்ணு போட்டாதான் எறங்கும். ஒங்க டின்னுக்குக் காத்து ஓட்டை எங்க?" என்றாள்.

ஓடிப்போய் டூல் பெட்டியைத் திறந்தேன். காரின் துணிக் கூரையைத் தைக்கிற கோணி ஊசி இருந்தது, அதை முனுசாமியிடம் நீட்டினேன். அவனோ மூடியைப் பிள்ளை மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு, "ஓட்டை போட்டா மழைத் தண்ணி பூந்துடுமே" என்று இழுத்தான். பவுனு போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது: "வானத்துல ஒரு மேகம் இல்ல, போடுய்யா ஓட்டைய! இல்லாங்காட்டி இந்த ரோட்லயே பெத்துப் போட்டுடுவேன்!"

ஆஸ்பத்திரி வாசலில்

முனுசாமி மூடியில் ஊசியை இறக்கின பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பள்ளிகொண்டாவில் மாட்டுச் சந்தைக் கூட்டம்கூட வழி விட்டது. வேலூரில் அவளை உள்ளே கொண்டுபோனபிறகு நாங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தோம். முனுசாமி மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதையே தடவிக்கொண்டிருந்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் லேடி டாக்டரம்மா வெளியே வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். முனுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதில் என்ன வெட்கம்? அவன் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து அந்தத் துளை வழியாக ஒரு கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, என் கையால செஞ்சதுலயே நல்ல வேலை இந்த ஓட்டைதான்."

கப்பலில் வந்தது

குழந்தை தவழ ஆரம்பித்தபிறகு ஒரு வழியாக மெட்ராஸிலிருந்து பார்சல் வந்தது. நிக்கல் பூச்சோடு பளபளவென்று அசல் மூடி. பாய் ஆசையாகப் பிரித்து, துடைத்து, திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அரே தாஸ், இன்னாபா இது பேஜாரு? இத்தினி நாள் கழிச்சு ஓட்டை மூடிய அனுப்பி இருக்கான்! திருப்பி அனுப்பு" என்றார். வாங்கிப் பார்த்தேன். நடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு அழகாக ஒரு துளை.

மண்டி வாசலில் பவுனு கிருஷ்ணாயில் டின்னை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். எட்டி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு பெரிய கம்பெனியைத் தட்டிக்கொடுக்கிற தோரணையில் சொன்னாள்: "திருப்பி அனுப்பாத பாய். பரவால்ல, அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருக்குது."

லைசென்ஸில் இன்றைக்கும் என் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்குக் காரை வேலூர் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று யாராவது கேட்டால், பின் சீட்டில் பிள்ளை வலியோடு படுத்திருந்த கிருஷ்ணாயில்காரி என்றுதான் நான் சொல்லியாக வேண்டும்.