மதாமின்ர கொப்பியிலை ஒரு குயில்

பாரிசுக்கு வெளியிலை ஒரு வயசான மதாமின்ர மாளிகையிலை எனக்குத் தோட்டவேலை. தோட்டவேலை எண்டால் முதுகுக்குத்தான் வேலை, வாய் சும்மா கிடக்கும். என்ர வாயைத் தெரிஞ்ச ஆக்களுக்கு அதிலை உள்ள ஆபத்து விளங்கும். பாரிசிலை நான் குடியிருக்கிற எங்கட தமிழ்க்கடைத் தெரு, லா சப்பலிலை என்னைக் கண்டால், "மதாம் மாதிரி ஒருக்கால் நடந்து காட்டு" எண்டுதான் கேப்பியள். பெரிய மாளிகை, பெரிய இடத்துக் கள்ளக் கதையள் வரும் எண்டு இப்பவும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறியள். வராது. மான்குட்டிதான் வரும். றெஸ்ரோறன்ட் நிலவறையிலை கோப்பை கழுவி, யூனுக்கும் டிசம்பருக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்த என்னைப்போல ஆக்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

புல்லுக்குள்ளை பிள்ளை

புல்லு வெட்ட முதல் நாங்கள் வரிசையாய் நடந்து காலாலை துழாவிப் பாக்கவேணும். மான்குட்டியள் மிசின் சத்தத்துக்கும் எழும்பாதுகள், அப்பிடியே படுத்திருக்குங்கள். முதல் வரியம் ஒண்டைக் கண்டு ஆசையிலை தூக்கப் போனன். மதாம் கைத்தடியாலை என்ர கையிலை ஒண்டு போட்டா. மனுச வாடை பட்டால் தாய் சேக்காதாம். பிறகு கையெல்லாம் புல்லைத் தேச்சு, புல்லோடை சேத்து அள்ளி வேலிக்கரையிலை விட்டம். பின்னேரம் தாய் வந்து கூட்டிக்கொண்டு போச்சு.

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. இந்த வேலையை எடுத்துத் தந்த சமையல்காரர், மன்னார் யோசேப்பண்ணை, என்ர முகத்தைப் பாத்திட்டுச் சொன்னார்: "ஊரிலை எண்டால் நீ இந்நேரம் மிளகாய்த்தூள் தேடியிருப்பாய்."

பூட்டின கதவு

அதே யூனிலை, நல்ல பேர் எடுக்கவேணும் எண்டு பின்னேரம் ட்ராக்டர் கொட்டிலைப் பூட்டிப்போட்டு வந்தன். உள்ளுக்கை தகைவிலான் குருவிக் கூடு இருந்தது எனக்குத் தெரியாது. விடிய வந்து பாத்தால் தாயும் தேப்பனும் கதவிலை மோதிக்கொண்டு நிக்குதுகள். வேலை போச்சு, அதோடை இஞ்சை இருக்கிற காட் புதுப்பிக்கிறதும் போச்சு எண்டு மதாமிட்டை ஓடினன். மதாம் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டு, அதைத் தன்ர பொக்கற்றுக்குள்ளை வைச்சா. "குஞ்சுகள் பறக்குமட்டும் இது பூட்டுறேல்லை. நீ பயப்பிடாதை, உன்ர வேலைக் கொந்த்ராவிலை நான் கை வைக்கமாட்டன்."

தொண்டை கட்டின குயில்

போன வரியம் மதாம் விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு, யன்னலடிக் கதிரையோடை இருந்தா. எந்தப் பறவை எண்டைக்கு, எத்தினை மணிக்குக் கூவினது எண்டு நாற்பது வரியமாய்க் கொப்பியிலை எழுதுறவா. அந்த வரியம் குயில் வரேல்லை. "எனக்கும் இதுதான் கடைசி வெயில் காலம்" எண்டு சொல்லி, சாப்பாட்டைத் தள்ளி வைச்சா.

எனக்கு வெளிச்சம் காட்டின மனுசியை எப்பிடிப் பாத்துக்கொண்டு இருக்கிறது? வேலிக்குப் பின்னாலை நிண்டு குக்கூ எண்டன். இஞ்சத்தைக் குயில் ரெண்டே ரெண்டு சொட்டுச் சத்தம்தான். என்ர யாழ்ப்பாணத்து வாய் கேக்குமே, எங்கட குயில் மாதிரி மேலை மேலை ஏறிப் போச்சு. மதாம் சூப்பைக் குடிச்சுக்கொண்டு யோசேப்பண்ணைக்குச் சொன்னாவாம்: "பாவம், ஆபிரிக்காவிலை இருந்து பறந்து வந்த களை. தொண்டை கட்டிப்போச்சு."

கொப்பி பாக்க வந்தவர்

அடுத்த நாளே சுருதி பிடிச்சிட்டன். மூண்டு கிழமை கூவினன். மதாம் தடியோடை எழும்பி நடந்தா. அப்பதான் பறவைக் கணக்கு எடுக்கிற ஒருத்தர் அந்தக் கொப்பியைக் கேட்டு வந்தார். நாற்பது வரிய உண்மைக்குள்ளை என்ர பொய் ஒண்டு ஏறப்போகுது. சொன்னால் மதாமின்ர முகத்திலை பிறகு முழிக்கேலாது.

அவர் பக்கம் பக்கமாய்ப் பிரட்டினார். இந்தக் குயில் சனி ஞாயிறு கூவுறேல்லை எண்டார். ஒன்பதுக்குத் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பாட்டுது எண்டார். போன கிழமை ரயில்காரர் வேலை நிப்பாட்டி கிரேவ் செய்த ரெண்டு நாளும் சத்தமே இல்லை எண்டார். மதாம் என்னைப் பாத்தா. நான் ரோசாச் செடியைப் பாத்தன். சொல்லிப்போடுவம் எண்டு வாயைத் திறக்க, கோப்பித் தட்டோடை வந்த யோசேப்பண்ணை முந்திவிட்டார்:

"ரயில் ஓடாட்டி அவன் லா சப்பலிலை இருந்து எப்பிடி மதாம் வாறது?"